இரண்டாம் வாயில்: கோப்புப் பரிமாற்றமும் தீயரணும்

கோப்பு வழங்கி ஒன்றைப் புதிதாக நிறுவி, தீயரணில் 21ஆம் துறையைத் (போர்ட்) திறந்துவிட்டவர் பெரும்பாலும் ஒரு புதிரில் சிக்குவார். தொலைவிலுள்ள பயனரின் மென்பொருள் வழங்கியை எட்டுகிறது. பயனர்பெயர் ஏற்கப்படுகிறது, கடவுச்சொல்லும் ஏற்கப்படுகிறது, வரவேற்புச் செய்திகூட வந்து சேர்கிறது. அடுத்துக் கோப்புப் பட்டியலைக் கேட்டதும் எல்லாம் உறைந்துவிடுகிறது. சற்றுப் பொறுத்து, காத்திருப்புக் காலம் முடிந்தது என்றொரு வரி தோன்ற, இணைப்பு அறுகிறது.

கடவுச்சொல் தவறாயின் உள்ளே நுழைந்திருக்கவே இயலாது. தீயரண் முற்றும் மூடியிருந்தால் வரவேற்பே வந்திராது. பாதியில் நிற்கும் இந்த முடக்கத்திற்கு வழங்கியையோ தீயரணையோ மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. எஃப்டிபி என்று வழங்கும் கோப்புப் பரிமாற்ற நெறிமுறை உருவான விதத்திலேயே அதன் வேர் இருக்கிறது. வலைப்பக்கத்தைக் கொணரும் நெறிமுறையில் கேள்வியும் விடையும் ஒரே இணைப்பில் ஓடுகின்றன. எஃப்டிபியோ இரண்டு இணைப்புகளை வேண்டுவது. ஒன்று கட்டளைகளுக்கு, அது 21ஆம் துறையில் தொடங்கிக் கடைசிவரை நீடிக்கும். மற்றொன்று தரவுக்கு, ஒவ்வொரு கோப்புக்கும், ஒவ்வொரு பட்டியலுக்கும் அது புதிதாகப் பிறந்து மறையும். 21ஐத் திறந்தவர் பேச்சுக்கு மட்டுமே வழிவிட்டார், பொருளுக்கு வழிவிடவில்லை.

தொடர்வண்டி நிலையத்துச் சரக்கு அலுவலகத்தை எண்ணிப் பார்க்கலாம். பேச்செல்லாம் முகப்புச் சாளரத்தில் நடக்கிறது. மூட்டையோ இன்னொரு வாயில் வழியே வருகிறது. எந்த வாயில் என்பதைச் சாளரத்தில் இருப்பவர் அப்போதுதான் சொல்கிறார். அவர் சொன்ன எண் அந்த வாயிற்காவலர் காதில் விழவில்லையென்றால், உரிய சீட்டோடு வந்தவரும் வெளியேதான் நிற்க வேண்டும்.

இப்படி ஓர் ஏற்பாட்டை ஏன் செய்தார்கள்? 1971 ஏப்ரலில், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இருந்த அபய் பூஷண் இந்நெறிமுறையின் முதல் வரைவை, ஆர்எஃப்சி என்னும் வலையமைப்பு நெறிமுறை ஆவண வரிசையில் 114ஆவதாக வெளியிட்டார். கான்பூர் ஐஐடியின் முதல் அணி மாணவர்களுள் ஒருவர் அவர். அர்ப்பாநெட் என்னும் அன்றைய வலையமைப்பில் இருந்தவை பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிலையங்களும்தாம். கணினிகளை விரல்விட்டு எண்ணிவிடக் கூடிய காலம் அது. பின்வந்த திருத்தங்களில் கட்டளையும் தரவும் தனித்தனி இணைப்புகளாக உறுதிப்பட்டன. 1985 அக்டோபரில் ஜான் போஸ்டலும் ஜாய்சு ரெனால்ட்சும் எழுதிய 959ஆம் ஆவணமே இன்றும் இந்நெறிமுறையின் அடிப்படை.

அந்தப் பிரிவினையில் ஓர் அழகு உண்டு. தரவு இணைப்பு தனியே இருப்பதால், கோப்பு எங்கே முடிகிறது என்பதற்குத் தனிக்குறி வேண்டியதில்லை. இணைப்பை மூடுவதே முடிவின் அடையாளம். பெரிய கோப்பு பாய்ந்துகொண்டிருக்கும்போதே, நிறுத்து என்ற கட்டளையை மற்ற இணைப்பில் அனுப்பலாம். இவற்றினும் வியப்பானது ஒன்று: ஒரு பயனர் தம் இருக்கையில் இருந்தபடியே இரண்டு வழங்கிகளிடம் பேசி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கோப்பை நேரே அனுப்பச் சொல்லலாம். கோப்பு அவருடைய கணினியைத் தொடாது. தரவு எந்த முகவரிக்குச் செல்ல வேண்டும் என்பதைக் கட்டளையின் உள்ளேயே எழுதும் வழக்கம் இதற்கு உதவிற்று. பிற்காலத்துத் தொல்லைகள் பலவும் அந்த ஒரு வழக்கத்திலிருந்து கிளைத்தவை.

அன்று தீயரண் என்பதே கிடையாது. 1988 நவம்பரில் மோரிசு புழு என்னும் தீநிரல் வலையமைப்பெங்கும் ஊர்ந்து கணினிகளைத் திணறடித்த பின்புதான், எல்லையில் நின்று தரவுப் பொதிகளைச் சலிக்கும் காவல் பற்றிய எண்ணம் விரைவு பெற்றது. நெறிமுறை முதிர்ந்த பிறகு வந்த காவலர் தீயரண். ஆகவே இந்நெறிமுறையை அதற்குப் புரியவைக்கும் வேலை பின்வந்தவர்கள் தலையில் விழுந்தது.

இரண்டாம் இணைப்பை யார் தொடங்குவது என்பதில் இரு முறைகள் உள்ளன. ஆக்டிவ் எனப்படும் பழைய முறையில், பயனர் பக்கத்து வாங்கிக் கணினி தன்னிடம் ஒரு துறையைத் திறந்து வைத்துக்கொண்டு, போர்ட் என்னும் கட்டளையால் அதன் எண்ணை வழங்கிக்கு அறிவிக்கும். வழங்கி தன் 20ஆம் துறையிலிருந்து புறப்பட்டு அங்கே வந்து இணையும். பயனர் பக்கத்துத் தீயரணின் கண்ணுக்கு இது எப்படித் தோன்றும்? வெளியிலிருந்து ஏதோ ஒரு கணினி, கேட்காமலே, உள்ளிருக்கும் கணினியின் ஏதோ ஒரு துறையைத் தட்டுகிறது. தட்டவிடாமல் தடுப்பதே அதன் தொழில்.

தொண்ணூறுகளில் இதற்கு ஒரு குறுக்குவழி பரவலாகக் கையாளப்பட்டது. 20ஆம் துறையிலிருந்து புறப்பட்டு 1023க்கு மேற்பட்ட எந்தத் துறைக்கு வரும் பொதியையும் உள்ளே விடு என்று ஒரு விதி எழுதிவிடுவார்கள். கோப்பு வந்தது, கூடவே கள்வனும் வந்தான். புறப்படும் துறையின் எண்ணைத் தேர்ந்துகொள்பவர் அனுப்புபவர்தாமே? தம் கணினியில் 20ஆம் துறையிலிருந்து பொதியை ஏவத் தெரிந்தவருக்கு அந்த அரண் முழுவதும் சல்லடை. 2049இல் இயங்கும் என்எஃப்எசு கோப்புப் பகிர்வும், 6000இல் இயங்கும் எக்சு சாளர முறைமையும் 1023க்கு மேலேதான் இருந்தன. புறப்பாட்டுத் துறையை மட்டும் நம்பி எழுதும் விதி காவலே அன்று. பழைய அரண்களில் இன்றும் இவ்விதி கிடந்தால் முதலில் களைய வேண்டியது அதையே.

1994 பிப்ரவரியில் பெல் ஆய்வகத்தின் சுடீவன் பெல்லோவின், 1579ஆம் ஆவணத்தில் வேறொரு வழியை வலியுறுத்தினார். நெறிமுறையில் முன்பே இருந்தும் பலர் பயன்படுத்தாமல் விட்ட பாசிவ் முறையை வாங்கி மென்பொருள்கள் இயல்பாகக் கொள்ளட்டும் என்பது அவர் கருத்து. இம்முறையில் வழங்கியே ஒரு துறையைத் திறந்து வைத்து எண்ணைச் சொல்லும். வாங்கி போய் இணைந்துகொள்ளும். இரண்டு இணைப்புகளும் பயனர் பக்கத்திலிருந்து வெளியே போகின்றன. பயனருடைய தீயரண் எதையும் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் சுமை மறைந்துவிடவில்லை. வழங்கியின் பக்கம் இடம்பெயர்ந்தது. பல்லாயிரம் பயனர்களின் அரண்களை மாற்றுவதினும் ஒரு வழங்கியின் அரணைத் திருத்துவது எளிது என்பதால், இடப்பெயர்ச்சி நியாயமானதே.

இனி வழங்கியின் காவலைப் பார்ப்போம். லினக்சு கணினியில் பரவலாக இயங்கும் விஎசுஎஃப்டிபிடி வழங்கியை எடுத்துக்கொள்ளலாம். பட்டியல் வேண்டும் என்று கேட்க முற்படும் வாங்கி, முதலில் பாசிவ் கட்டளையை அனுப்பும். வழங்கி 227 என்னும் குறியெண்ணோடு ஆறு எண்களை விடையாகத் தரும்: 203,0,113,5,195,80. முதல் நான்கும் ஐபி முகவரி. கடைசி இரண்டும் துறையின் எண்ணை எட்டெட்டு இருமங்களாகப் பிளந்தவை. 195ஐ 256ஆல் பெருக்கினால் 49920; அதனுடன் 80ஐக் கூட்ட 50000. ஆகவே தரவு இணைப்பு 50000ஆம் துறைக்கு வரும். இந்தச் சிறு பெருக்கலைக் கற்றுக்கொண்டவருக்கு முன்சொன்ன புதிரில் பாதி அவிழ்ந்தாயிற்று. ஏனெனில் வழங்கி சொன்ன துறையும் அரண் திறந்த துறையும் ஒன்றுதானா என்று பதிவேட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

எதையும் வரையறுக்காவிடில் வழங்கி தன் விருப்பம்போல் ஏதேனும் ஓர் உயர்துறையைத் தேர்ந்துகொள்ளும். அதற்கு ஈடுகொடுக்க வேண்டுமாயின் 1024 முதல் 65535 வரை அனைத்தையும் திறந்துவிட வேண்டும். அப்புறம் அரண் எதற்கு? செய்ய வேண்டியது, வழங்கியின் அமைவுக் கோப்பில் பாசிவ் முறைக்குரிய கீழெல்லைத் துறையையும் மேலெல்லைத் துறையையும் எழுதுவது. 50000 முதல் 50100 வரை என்று கொள்வோம். பிறகு அதே எல்லையை, ஓர் எண்ணும் பிசகாமல், தீயரணின் விதியிலும் எழுத வேண்டும். யூஎஃப்டபிள்யூ போன்ற எளிய கருவியில் இது இரண்டே வரி: 21ஆம் துறைக்கு ஒன்று, அந்த வரம்புக்கு ஒன்று, இரண்டும் டிசிபி நெறிமுறைக்கு மட்டும். வழங்கி ஒரு கோப்பிலும் அரண் இன்னொரு கோப்பிலும் இருப்பதால், ஓராண்டு கழித்து யாரோ ஒன்றைத் திருத்தி மற்றதை மறப்பதும் உண்டு. பட்டியல் சில வேளை வருகிறது, சில வேளை வரவில்லை என்ற முறையீடு எழுந்தால் இந்த முரண்பாட்டைத்தான் முதலில் ஐயுற வேண்டும்: வழங்கி தேர்ந்த துறை சிலபோது திறந்த பகுதியில் விழுகிறது, சிலபோது மூடிய பகுதியில்.

வரம்பு எவ்வளவு அகலம்? ஒரே நேரத்தில் நிகழக்கூடிய பரிமாற்றங்களின் எண்ணிக்கையை ஒட்டி முடிவுசெய்யலாம். ஒரு பயனரின் மென்பொருளே இரண்டு மூன்று கோப்புகளை ஒருங்கே இறக்கும். முடிந்த இணைப்பும் உடனே மறைவதில்லை. தாமதித்து வரும் பொதிகளுக்காக டிசிபி அதைச் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும். லினக்சில் 60 நொடி. சிறு கோப்புகளை ஆயிரக்கணக்கில் ஏற்றும் இடத்தில் குறுகிய வரம்பு திணறக்கூடும். எனினும் இதில் அஞ்சி அஞ்சி அகலமாகத் திறப்பதே மிகுதி. அமேசானின் கோப்புப் பரிமாற்றச் சேவை தன் எஃப்டிபி வழங்கிகளுக்கு 8192 முதல் 8200 வரை ஒன்பதே துறைகளை ஒதுக்கியிருக்கிறது. இயல்பான ஓர் அலுவலகத்துக்கு நூறு துறைகள் தாராளம்.

மேகக் கணிமையில் வாடகைக்கு எடுத்த கணினியாயின் அரண் ஒன்றன்று, இரண்டு. கணினிக்குள் ஒன்று, கணினிக்கு வெளியே, வாடகைக்கு விட்ட நிறுவனத்தின் மேலாண்மைப் பக்கத்தில் இன்னொன்று. உள்ளே திறந்துவிட்டு வெளியே மறப்போர் பலர்.

வழங்கி, திசைவி ஒன்றின் பின்னால் 192.168.1.10 போன்ற அகமுகவரியில் அமர்ந்திருந்தால் சிக்கல் இன்னும் ஒரு மடங்கு. தன்னை உலகம் எந்த முகவரியால் அறிகிறது என்பது வழங்கிக்குத் தெரியாது. ஆறு எண்களில் தன் அகமுகவரியையே எழுதி அனுப்பும். தொலைவிலிருக்கும் வாங்கி அந்த முகவரியைத் தன் வீட்டு வலையமைப்பில் தேடும். அங்கே அப்படி ஒரு கணினி இராது, இருந்தால் அது யாருடைய அச்சுப்பொறியோ. எனவே வெளிமுகவரி இன்னது என்று வழங்கியின் அமைவில் எழுதிவிட வேண்டும். திசைவியிலும் 21ஐயும் தரவு வரம்பையும் வழங்கியை நோக்கித் திருப்ப வேண்டும். இன்றைய வாங்கிகள் சில, அகமுகவரி வந்தால் அதைப் புறந்தள்ளி, ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் முகவரிக்கே போகும் அளவு அறிவுடையவை. அந்த அறிவை நம்பி அமைவைக் குறையாக விடுவது முறையன்று.

திசைவிகள் தாமே இதைச் சரிசெய்யும் ஒரு வித்தையும் உண்டு. அது நுட்பமானது. கட்டளை இணைப்பில் ஓடும் எழுத்துகளைத் திசைவி படித்து, அகமுகவரியைக் கண்ட இடத்தில் வெளிமுகவரியைப் பொறித்துவிடும். கேட்க எளிது. 192,168,1,10 என்பது காற்புள்ளிகளோடு 12 எழுத்து. 203,0,113,5 என்பது 11. ஓர் எழுத்து குறைந்துவிட்டது. டிசிபியோ அனுப்பிய ஒவ்வொரு பைட்டையும் வரிசையெண் இட்டு எண்ணிக்கொண்டே வருவது. வழங்கி 12 அனுப்பியதாகக் கணக்கு வைத்திருக்க, வாங்கி 11 பெற்றதாகச் சொல்லும். கணக்குப் பிசகினால் இணைப்பே குலையும். ஆகவே திசைவி அன்றிலிருந்து அந்த இணைப்பு முடியும்வரை, போகும் பொதிகளின் வரிசையெண்ணில் ஒன்றைக் குறைத்தும், திரும்பும் ஒப்புதல்களில் ஒன்றைக் கூட்டியும், இரு தரப்பும் அறியாமல் கணக்கைச் சரிக்கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முகவரி மாற்றும் முறையை விளக்கிய 1994ஆம் ஆண்டின் 1631ஆம் ஆவணமே எஃப்டிபியைச் சுட்டி இந்த இடர்ப்பாட்டைப் பேசுகிறது.

லினக்சின் கருவகத்தில் இவ்வேலையைச் செய்ய ஒரு துணைக்கூறு உள்ளது. அது கட்டளை இணைப்பை ஒட்டுக்கேட்டு, 227 விடையில் சொல்லப்பட்ட துறைக்கு வரப்போகும் இணைப்பை எதிர்நோக்கி வைக்கும். வந்ததும், ஏற்கெனவே இசைவு பெற்ற பேச்சின் உறவு இது என்று உள்ளே விடும். முழு வரம்பையும் எப்போதும் திறந்து வைக்காமல், வேண்டிய துறையை வேண்டிய நொடியில் மட்டும் திறப்பது இதன் சிறப்பு. ஆனாலும் இதை நான் முழுமனத்தோடு பரிந்துரைக்க மாட்டேன். பிறர் எழுதும் எழுத்துகளைப் படித்து அரணில் ஓட்டையிடும் எந்தக் கருவியையும், அவ்வெழுத்துகளைப் போலியாகப் புனைந்து ஏமாற்ற இடமுண்டு. லினக்சின் 4.7ஆம் பதிப்பிலிருந்து இத்துணைக்கூறு தானாகவே இணைப்புகளில் ஒட்டிக்கொள்வது நிறுத்தப்பட்டது. எந்த இணைப்புக்கு வேண்டும் என்று மேலாளரே விதி எழுதிப் பொருத்த வேண்டும். பழைய குறிப்புகளைப் பார்த்து அமைப்போர், துணைக்கூறை ஏற்றிய பின்னும் ஏன் நடக்கவில்லை என்று குழம்புவதற்கு இதுவே காரணம்.

ஒட்டுக்கேட்கும் அரணைச் செவிடாக்குவது மறையீடு. எஃப்டிபியின் இயல்பான நிலையில் கடவுச்சொல்கூட வெறும் எழுத்தாகவே போகும்; வழியில் இருப்பவர் எவரும் படிக்கலாம். 2005 அக்டோபரில் வந்த 4217ஆம் ஆவணம், 21ஆம் துறையில் பேச்சைத் தொடங்கிய பின் டிஎல்எசு மறையீட்டுக்குள் புகும் முறையை வகுத்தது. எஃப்டிபிஎசு என்று அதைச் சொல்வர். மறையீட்டுக்குள் போன பிறகு 227 விடை அரணின் கண்ணுக்குப் படாது. முகவரியை மாற்றியெழுதவும் வழியில்லை. வழங்கியின் அமைவில் வெளிமுகவரியையும் வரம்பையும் எழுதி, அரணில் அதே வரம்பை நிலையாகத் திறப்பது ஒன்றே எஞ்சும் வழி. மறையீடின்றி இணையத்தின் குறுக்கே எஃப்டிபியை இயக்குவது இன்று தகாது என்பதால், தொடக்கத்திலேயே அவ்வழியைக் கொண்டுவிடுவது நலம். 1998இல் வந்த 2428ஆம் ஆவணம் பாசிவ் கட்டளைக்கு ஒரு நீட்சியையும் தந்தது. அதன் விடையில் முகவரி இராது, துறை எண் மட்டுமே இருக்கும். ஐபியின் ஆறாம் பதிப்பையும் முகவரி மாற்றும் கருவிகளையும் கருதி வகுக்கப்பட்ட இது, முகவரிக் குழப்பத்தையும் தீர்த்துவைத்தது.

இத்தனையும் சரியாக அமைந்த பின்னும் ஒரு முறையீடு வரும்: சிறு கோப்புகள் போகின்றன, பெரிய கோப்பு மட்டும் முழுதும் போய்ச் சேர்ந்த பிறகு தோல்வி என்கிறது. தரவு இணைப்பில் ஒரு மணிநேரம் கோப்பு பாயும்போது கட்டளை இணைப்பு வாய்பேசாமல் கிடக்கிறது. இடையிலுள்ள திசைவி அல்லது அரண், நெடுநேரம் பேச்சில்லாத இணைப்பை இறந்ததென்று எண்ணித் தன் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறது. பாய்ச்சல் முடிந்து, 226 என்னும் நிறைவுச் செய்தியை வழங்கி அனுப்பும்போது அதற்கு வழியில்லை. முகவரி மாற்றும் கருவிகள் நிலைபெற்ற இணைப்பைக் குறைந்தது 2 மணி 4 நிமிடம் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்கிறது 5382ஆம் ஆவணம். மலிவான கருவிகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. அவ்வப்போது வெற்றுப் பொதி அனுப்பி இணைப்பை உயிர்ப்போடு வைக்கும் வசதியை இயக்கினால் பெரும்பாலும் தீரும்.

திறந்த துறைகள் வேண்டாதாருக்குப் பயன்படாதிருக்க இரு தீங்குகளைத் தடுக்க வேண்டும். போர்ட் கட்டளையில் முகவரியை எழுதலாம் அல்லவா? தீயவர் ஒருவர் மூன்றாம் கணினி ஒன்றின் முகவரியை அதில் எழுதி, வழங்கியைத் தம் கையாளாக்கி அக்கணினியின் துறைகளைத் துழாவலாம். பழி வழங்கியின்மேல் விழும். இரு வழங்கிகளுக்கிடையே கோப்பு அனுப்பும் பழைய அழகிய வசதியேதான் இப்படித் திரும்பித் தாக்குகிறது. பாசிவ் முறையிலோ, வழங்கி திறந்து வைத்த துறைக்கு உரியவர் வருமுன் வேறொருவர் ஓடிவந்து கோப்பைக் கவரலாம். கட்டளை இணைப்பு எந்த முகவரியிலிருந்து வந்ததோ அதே முகவரிக்கே தரவு இணைப்பு என்று கட்டுப்படுத்தினால் இரண்டும் பெரிதும் அடங்கும். விஎசுஎஃப்டிபிடி இயல்பிலேயே அப்படித்தான் நடந்துகொள்ளும். யாரோ ஒருவருக்கு வசதி செய்வதற்காக அதைத் தளர்த்தாதிருந்தால் போதும்.

அமைத்ததை ஆய்ந்து பார்ப்பது வெளியிலிருந்தே ஆக வேண்டும். வழங்கி இருக்கும் அறையிலேயே ஒரு கணினியில் அமர்ந்து பார்த்தால் அரணைக் கடக்காமலே எல்லாம் இயங்கும். அது ஒன்றையும் மெய்ப்பிக்காது. கைப்பேசியின் இணையத்தில் மடிக்கணினியை இணைத்து முயல்வது எளிய வழி. முடக்கத்தின் தன்மையையும் கவனிக்க வேண்டும். இணைப்பு மறுக்கப்பட்டது என்று உடனே விடை வந்தால், பொதி கணினியை எட்டிவிட்டது, அங்கே அத்துறையில் கேட்பார் இல்லை என்றே பெரும்பாலும் பொருள். குற்றம் வழங்கியின் அமைவில். ஓசையின்றி நெடுநேரம் காத்திருந்து காலம் கடந்தால், வழியில் ஓர் அரண் பொதியை விழுங்கிவிட்டது.

உலாவிகள் எஃப்டிபியைக் கைவிட்டன. 2021இல் ஃபயர்ஃபாக்சின் 90ஆம் பதிப்பும் குரோமின் 95ஆம் பதிப்பும் அதை அடியோடு நீக்கின. லினக்சு கருவகத்தைப் பரப்பும் தளமும் டெபியன் திட்டமும் 2017இலேயே தங்கள் பொது எஃப்டிபி வாயில்களை மூடிவிட்டன. புதிதாகத் தொடங்குவோர் எசுஎஃப்டிபியைத் தேர்வதே தகும். பெயரில் ஒற்றுமை இருந்தாலும் அது வேறு நெறிமுறை. எசுஎசுஎச் இணைப்பின் உள்ளே, 22ஆம் துறை ஒன்றிலேயே, பேச்சும் தரவும் மறையீட்டோடு ஓடும். பின்லாந்தின் தாத்து யுலோனென் 1995இல் எசுஎசுஎச்சை உருவாக்கியபோது, எஃப்டிபியின் 21க்கும் டெல்நெட்டின் 23க்கும் இடையே 22 ஒழிந்திருப்பதைக் கண்டு கேட்டுப் பெற்றார். அரணுக்கு அங்கே ஒரே விதி.

ஆயினும் கண்காணிப்புப் படக்கருவிகளும், வருடி அச்சுப்பொறிகளும், ஆலைகளின் அளவைக் கருவிகளும் எஃப்டிபி ஒன்றையே அறிந்தவையாய் இன்னும் உழைக்கின்றன. அவற்றிற்காக வழங்கியை இயக்குவோர், 21க்கும் தரவு வரம்புக்கும் எழுதும் விதிகளில் அனுப்பும் கருவிகளின் முகவரிகளையும் சேர்த்து எழுதிவிடலாம். அந்த முகவரிகளிலிருந்து வருவோருக்கு மட்டும் துறைகள் திறக்கும். மறையீடு அறியாத கருவியாயின் அதை இணையத்தின் குறுக்கே விடாமல், அலுவலகத்தின் அகவலையமைப்பிலேயே தனிப்பிரிவில் வைத்து, அங்குள்ள வழங்கிக்கு அனுப்பச் செய்து, அங்கிருந்து எசுஎஃப்டிபி வழியே வெளியே கொண்டுசெல்ல வேண்டும்.